தங்கவயலும் மின்சுமையும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுள் கோலார் தங்கவயலை அறியாதார் மிகச் சிலரே. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சென்ற நம்மவர், மைசூர் மண்ணில் தமிழ்பேசும் ஓர் ஊரையே உருவாக்கினர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், ஊர்காம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்னும் பெயர்கள் பல தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் பேச்சில் இன்றும் வழங்குகின்றன. அம்மண்ணிலிருந்து எடுத்த பொன்னைப் பற்றியும், அதனை எடுத்தோர் பட்ட பாட்டைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கே சொல்லப் புகுவது அவ்வூரின் வேறொரு வரலாறு. பாரத நாட்டில் மின்சாரம் பெருந்தொழிலுக்கு முதன்முதலாகக் கைகொடுத்த இடங்களுள் ஒன்று தங்கவயல். ஒருநாளின் 24 மணிநேரத்துக்குள் மின்சாரத்தின் தேவை எவ்வாறு ஏறி இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கத்தை மனிதன் எவ்வாறு திருத்தியமைக்கிறான், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்னும் கேள்விகளுக்கு அவ்வூரின் கதை நல்ல பாடமாக அமைகிறது.

1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் தங்கவயலின் சுரங்கங்களைத் திறம்பட நடத்தத் தொடங்கியது. சுரங்கம் ஆழமாகச் செல்லச் செல்ல இயந்திர வலிமை மேலும் மேலும் வேண்டியதாயிற்று. பாறையைத் துளைக்கும் கருவிகளுக்கு அழுத்தக் காற்று வேண்டும். ஊறும் நீரை மேலே இறைக்க வேண்டும். மனிதரையும் கல்லையும் கூண்டில் ஏற்றி இறக்க வேண்டும். மேலே வந்த கல்லை இடித்துப் பொடியாக்க வேண்டும். இவ்வளவுக்கும் அந்நாளில் நீராவியே துணை. நீராவிக்கு விறகு வேண்டும். விறகு அருகினால் நிலக்கரி வேண்டும். நிலக்கரியோ நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டும். தங்கம் கிடைத்தும், அதில் பெரும்பகுதி எரிபொருளுக்கே செலவாகும் நிலை இருந்தது.

இந்நிலையில்தான் காவிரியின் சிவசமுத்திர அருவி பொறியியலாரின் கண்ணில் பட்டது. காவிரி இரு கிளையாகப் பிரிந்து, ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாய் விழும் இடம் அது. ஏறத்தாழ 400 அடி உயர வேறுபாட்டில் இறங்கும் அந்நீரின் வலிமையை வீணாக்காமல் மின்சாரமாக்கலாம் என்னும் திட்டத்தை, மைசூர் அரசின் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்த கேப்டன் ஜோலி டி லொத்பினியேர் வகுத்தார். 1883 முதல் 1901 வரை திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்ரி ஐயர் அதற்கு உறுதியான ஆதரவு தந்தார். மின் இயந்திரங்களை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும், நீர்ச்சுழலிகளைச் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனமும் தந்தன. திட்டம் நிறைவேறுவதைக் காணச் சேஷாத்ரி ஐயருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1901ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். 1902 ஜூன் 30ஆம் நாள் சிவசமுத்திரத்து மின்சாரம் 92 மைல் கடந்து தங்கவயலைச் சென்றடைந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் அது ஒன்று. நயாகரா அருவியின் மின்சாரம் பபலோ நகருக்குச் சென்றது 1896ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்தால், மைசூர் அரசின் துணிவு நன்கு விளங்கும்.

இவ்வளவு பெரிய முதலீட்டை ஒரு நகரத்தை நம்பிச் செய்யாமல், 92 மைல் தொலைவிலிருந்த சுரங்கத்தை நம்பிச் செய்தது ஏன்? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், மின்சாரத்தின் இயல்பொன்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அரசாங்க ஏடுகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் நாம், மின்துறைக் கோப்புகளில் இரண்டு சொற்களை அடிக்கடி எதிர்கொள்கிறோம். ஒன்று ‘தேவை’, மற்றொன்று ‘சுமை’. பொதுமக்கள் விளக்கையோ விசிறியையோ போடும்போது அது அவர்களுக்குத் தேவை. அதே கணத்தில் மின் நிலையத்துக்கு அது சுமை. நெல்லைப் போல் மூட்டை கட்டிக் களஞ்சியத்தில் போட்டுவைக்க மாற்றுமின்சாரம் இணங்காது. எவ்வளவு கேட்கப்படுகிறதோ அவ்வளவும் கேட்ட கணத்திலேயே உண்டாக வேண்டும். ஆகவே ஒருநாளின் எந்த ஒரு மணியில் சுமை மிக உயர்கிறதோ, அந்த உச்சத்துக்குத் தக்கபடியே இயந்திரமும் கம்பியும் அமைக்க வேண்டும். மற்ற மணிகளில் அவற்றுள் ஒருபகுதி வெறுமனே நிற்கும். அவற்றுக்கு வாங்கிய கடனின் வட்டியோ நில்லாது.

இதனை அளக்கப் பொறியியலார் ஓர் எளிய கணக்கு வைத்துள்ளனர். ஒருநாளின் சராசரிச் சுமையை உச்சச் சுமையால் வகுத்து வருவதைச் சுமைக் காரணி என்பர். மாலையில் மட்டும் விளக்கெரிக்கும் ஊருக்கு இது மிகக் குறைவு. இரவும் பகலும் ஒரே சீராக ஓடும் ஆலைக்கு இது மிக அதிகம். இங்கிலாந்தில் ஜான் ஹாப்கின்சன் என்னும் பொறியியல் அறிஞர் 1892ஆம் ஆண்டில் இந்த உண்மையை எடுத்துரைத்து, மின்கட்டணத்தில் ஒருபகுதியை உச்சத் தேவைக்கும் மற்றொருபகுதியைப் பயன்படுத்திய அளவுக்கும் வாங்க வேண்டும் என்றார். பிரைட்டன் நகரின் ஆர்தர் ரைட் அதற்கேற்ற அளவுமானியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சிகாகோவின் சாமுவேல் இன்சல் இக்கொள்கையைக் கற்றுச் சென்று, பகலில் டிராம் வண்டிகளையும் ஆலைகளையும் தேடிப்பிடித்துத் தம் நிலையத்தின் வெற்று மணிகளை நிரப்பினார்.

தங்கவயலுக்கு அப்படித் தேடித் திரிய வேண்டிய நிலையே இல்லை. கல்லை இடிக்கும் ஆலை இரவென்றும் பகலென்றும் பாராது. நீர் ஊறுவதும் நிற்பதில்லை, காற்றழுத்தியும் ஓய்வதில்லை. சுமைக் காரணியை உயர்த்தும் வாடிக்கையாளர் ஒருவரை மைசூர் அரசு முதல் நாளிலேயே பெற்றுவிட்டது. சுரங்கங்களோடு செய்த உடன்படிக்கையும் இதற்கு இசைந்தே அமைந்தது. இன்று நாம் செலுத்துவது போல் யூனிட்டுக்கு இவ்வளவு என்றில்லாமல், ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வகுத்தனர். இதில் நியாயம் இருந்தது. அருவிநீருக்கு விலையில்லை, செலவு முழுவதும் இயந்திரத்திலும் கம்பியிலுமே அடங்கியிருந்தது. இரவில் மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் அந்நீர் சுழலியின் வழியாகப் போகாமல் பாறையின் வழியாகப் போய்விடும், யாருக்கும் ஆதாயமில்லை. ஆகவே வாங்கிய குதிரைத்திறனை நாள் முழுதும் ஓட்டுவதே சுரங்கத்துக்கும் அரசுக்கும் நன்மையாயிற்று.

1905 ஆகஸ்ட் மாதத்தில் அதே மின்சாரம் பெங்களூரின் தெருக்களுக்கு வந்தது. பின்னர் மைசூருக்கும் சென்றது. தங்கவயலோ அதற்கு முன்பே மின்னொளியைக் கண்டுவிட்டது. இந்த இடத்தில்தான் கதை ஒரு புதிய கட்டத்தை அடைகிறது. ஆலைச் சுமை ஒரு சமவெளி போன்றது. நகரச் சுமையோ மாலையில் எழும் குன்று போன்றது. குன்றைச் சமவெளியின் மேல் வைத்தால் என்ன ஆகும்?

நேயர்கள் எளிதில் புரிந்துகொள்ளும் பொருட்டு ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இவை கணக்குக்காக நாம் வைத்துக்கொண்ட எண்களே. சுரங்கம் ஒன்று 24 மணியும் 4,000 கிலோவாட் கேட்கிறது எனக் கொள்வோம். நகரம் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 2,000 கிலோவாட்டும், மற்ற 20 மணியும் 500 கிலோவாட்டும் கேட்கிறது எனக் கொள்வோம். நகரத்தின் சராசரி 750 கிலோவாட், உச்சம் 2,000. எனவே நகரத்தின் தனிச் சுமைக் காரணி 37.5 விழுக்காடே. சுரங்கத்தினுடையதோ 100 விழுக்காடு. இரண்டையும் ஒரே நிலையத்தோடு இணைத்தால் சராசரி 4,750, உச்சம் 6,000, சுமைக் காரணி 79 விழுக்காடு. ஆலையின் சமவெளி நகரத்தின் குன்றைத் தாங்கிக்கொள்கிறது என்பது தெளிவு.

இனி அடுத்த படிக்குச் செல்வோம். சுரங்கத்தின் பம்புகளில் 1,000 கிலோவாட் அளவுக்கு மாலை 4 மணிநேரம் நிறுத்திவைக்க முடியும் என்றும், அதுவரை ஊறும் நீர் அடித்தொட்டியில் தேங்கி நிற்கும் என்றும் கொள்வோம். விடுபட்ட 4,000 யூனிட் வேலையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 8 மணிநேரத்தில் பரப்பினால், இரவில் மணிக்கு 500 கிலோவாட் கூடும். மாலை உச்சம் 5,000 ஆகக் குறையும். இரவுச் சுமையும் 5,000 ஆகவே உயரும். சராசரி மாறவில்லை, சுமைக் காரணியோ 95 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது. ஒரு சுழலிகூடப் புதிதாக வாங்காமல் 1,000 கிலோவாட் உச்சத்தைக் குறைத்துவிட்டோம்.

ஆனால் இங்கே ஒரு கண்ணியும் உண்டு. பத்து மணி அடித்ததும் எல்லாப் பம்புகளையும் ஒருசேர ஓட்டி, நிலுவை வேலையை 2 மணிநேரத்தில் முடித்துவிட வேண்டும் என்று கண்காணிப்பாளர் அவசரப்பட்டால், அந்த 2 மணியில் சுமை 6,500 கிலோவாட்டாக ஏறும். பழைய உச்சம் 6,000தான். மாலைக் குன்றை வெட்டப் போய் இரவில் அதைவிட உயரமான மலையை எழுப்பியதாக முடியும். ஆகவே வேலையை ஒத்திவைப்பது மட்டும் போதாது. ஒத்திவைத்ததை எப்படித் திரும்பப் பெறுகிறோம் என்பதே முக்கியம். இன்றைய மின்துறை அறிஞர் கணிப்பொறியில் ஆயிரக்கணக்கான வீடுகளையும் ஆலைகளையும் வைத்துப் போடும் கணக்கின் சாரமும் இதுவே.

எல்லாச் சுமையும் ஒத்திவைக்கத் தக்கதன்று என்பதையும் தங்கவயல் நன்கு கற்பிக்கும். கல்லைச் சேர்த்துவைக்கும் தொட்டி நிறைந்திருந்தால், கூண்டு சிறிது நேரம் நின்றாலும் இடி ஆலை ஓடும். நீருக்குத் தொட்டி உண்டு. கல்லுக்குத் தொட்டி உண்டு. மூச்சுக்குத் தொட்டி ஏது? சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. அடியில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். காற்றாடி நின்றால் அங்கே ஆள் நிற்க முடியாது. மாலை 6 மணிக்கு உச்சம் என்று சொல்லிக் காற்றாடியை நிறுத்த எந்தக் கணக்கும் இடம் தராது. தேவைகளைத் தரம்பிரிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது நின்றால் யாருக்கு என்ன ஆகும்?’ என்பதே.

நாளின் ஏற்ற இறக்கத்தைப் போலவே ஆண்டின் ஏற்ற இறக்கமும் ஒன்றுண்டு. கோடையில் காவிரி மெலியும்; சுரங்கமோ கோடையிலும் அதே சுமையைக் கேட்கும். தேவையை மாற்ற இயலாத இடத்தில் வரத்தை மாற்றத்தான் வேண்டும். 1909ஆம் ஆண்டில் மைசூரின் தலைமைப் பொறியாளராக வந்த எம். விசுவேசுவரய்யா, மழைக்கால நீரைத் தேக்கிவைத்துக் கோடையிலும் சிவசமுத்திரத்துக்குச் சீராக அனுப்பவும், பாசனத்தைப் பெருக்கவும் கண்ணம்பாடியில் அணை கட்டும் திட்டத்தை வலியுறுத்தினார். 1911ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. அதுவே கிருஷ்ணராஜசாகரம். கீழ்மடைப் பாசனத்துக்குக் கேடு வருமோ என்று சென்னை மாகாணம் அஞ்சியதும், நடுவர் விசாரணை நடந்ததும், 1924ஆம் ஆண்டில் உடன்படிக்கை ஏற்பட்டதும் யாவரும் அறிந்தவை. தஞ்சை உழவனின் கழனிக்கும் தங்கவயல் தொழிலாளியின் கூண்டுக்கும் ஒரே ஆறு படியளந்தது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதுகாறும் இயந்திரத்தின் கணக்கைப் பார்த்தோம். மனிதரின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. சுரங்கத்தின் சுமைக்கோடு இரவும் பகலும் நேராக இருந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். அக்கோடு தானாக நேராகவில்லை. நள்ளிரவிலும் கூண்டில் இறங்க ஆட்கள் இருந்ததனாலேயே அது நேராயிற்று. முறைவேலைக்குச் சங்கு ஊதும் போதெல்லாம் ஒரு கூட்டம் உறக்கத்தைவிட்டு எழுந்தது. மற்றொரு கூட்டம் பகலில் உறங்கச் சென்றது. தந்தை உறங்குகிறார் என்று பகலில் வாய்பொத்தி விளையாடிய பிள்ளைகள் இல்லாத குடும்பம் அங்கே அரிது. மின்நிலையத்தின் பள்ளத்தை நிரப்பியது தொழிலாளியின் இரவு. சுமைக் காரணி என்னும் எண்ணுக்குள் இந்த இரவுகளுக்கு இடமில்லை; ஆனால் அவை இல்லையேல் அந்த எண்ணும் இல்லை.

மின்சாரத்துக்காக மனிதரின் நேரத்தை மாற்றுவது தங்கவயலோடு முடிந்த செய்தியன்று. முதல் உலகப் போரின்போது, 1916ஆம் ஆண்டில், ஜெர்மனி கடிகாரங்களையே ஒரு மணி முன்தள்ளி விளக்குக்கான எரிபொருளை மிச்சப்படுத்த முயன்றது. பிற நாடுகளும் அதனைப் பின்பற்றின. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, இந்தியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்திருந்தனர். 1970களில் எண்ணெய் விலை ஏறியபின், புதிய நிலையங்களைக் கட்டிக்கொண்டே போவதைவிடத் தேவையை நெறிப்படுத்துவது மலிவு என்னும் எண்ணம் அமெரிக்காவில் வலுப்பெற்றது. கிளார்க் கெல்லிங்ஸ் என்னும் பொறியாளர் 1980களில் அதற்கு ஒரு துறையின் வடிவம் தந்தார். உச்சத்தை வெட்டுதல், பள்ளத்தை நிரப்புதல், சுமையை இடம்மாற்றுதல், மொத்தத்தில் சிக்கனம் செய்தல் என்று அவர் வகுத்த வழிகளுள் பள்ளத்தை நிரப்பும் வழி தங்கவயலுக்கு 1902லேயே பழக்கமானது.

நம் நாட்டில் இந்த முறை பெரிதும் கையாளப்பட்டது உழவரின் பம்புசெட்டுகளில்தான். பல மாநிலங்களில் மும்முனை மின்சாரத்தை முறைவைத்துச் சில மணிநேரமே வழங்கினர். அந்த முறை பெரும்பாலும் இரவில் வந்தது. நகரத்தின் மாலைக் குன்று தாழ்ந்தது. உழவர் நள்ளிரவில் கைவிளக்கோடு வரப்பில் நடந்தார். பாம்புக்கும் அஞ்சினார், பனிக்கும் அஞ்சினார். சுரங்கத் தொழிலாளியின் இரவுக்கு அடுத்தபடியாக உழவரின் இரவு கணக்கில் சேர்ந்தது. இப்போது கதிரவன் அந்தக் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறான். கருநாடகத்தின் பாவகடாவில் 2,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட சூரிய மின்பூங்கா எழுந்திருக்கிறது. நண்பகலில் மின்சாரம் மிகுந்து நிற்கும் நிலை வந்தபின், பம்புசெட்டின் முறையைப் பகலுக்குக் கொண்டுவருவதே மின்வாரியத்துக்கும் ஆதாயம், உழவருக்கும் ஆறுதல் என்றாயிற்று. ஒரே கருவி, ஒரே சுமை. ஆயினும் அதனை எந்த மணியில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் உறக்கம் அமைகிறது.

2024 மே 30ஆம் நாள் இந்தியாவின் மின்தேவை ஏறத்தாழ 250 ஜிகாவாட்டைத் தொட்டது. பகலின் உச்சத்தைச் சமாளிக்கக் கதிரவன் துணைசெய்கிறான். அவன் மறைந்தபின் வரும் மாலைதான் கடினமாகிறது. ஆகவே மத்திய அரசு 2023 ஜூன் மாதத்தில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு வழிவகுத்தது. கதிரவன் காயும் மணிகளில் கட்டணம் 20 விழுக்காடேனும் குறைய வேண்டும். உச்ச மணிகளில் தொழிற்கூடங்களுக்கும் வணிகத்துக்கும் 20 விழுக்காடும் மற்றவர்களுக்கு 10 விழுக்காடுமேனும் கூட வேண்டும் என்பது அதன் சாரம். வேளாண்மைக்கு இதிலிருந்து விலக்குண்டு. பெரிய நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் முதலும், ஏனையோருக்குச் ‘ஸ்மார்ட் மீட்டர்’ பொருத்துவதை ஒட்டி 2025 ஏப்ரல் முதலும் என்று விதி கூறுகிறது. மாநில ஆணையங்கள் இதனைத் தத்தம் முறையில் நிறைவேற்ற வேண்டும்.

டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாடகைவீட்டில் வாழும் நம் போன்றோருக்கு இதன் பொருள் யாது? மாவரைப்பதும் துணிதுவைப்பதும் நீர் ஏற்றுவதும் எந்த மணியில் என்பது இனி விலையுள்ள கேள்வி. பகலில் வீட்டில் ஆளிருக்கும் குடும்பம் மலிவான மணியைப் பயன்படுத்திக்கொள்ளும். கணவனும் மனைவியும் காலையில் சென்று மாலையில் திரும்பும் குடும்பம் என் செய்யும்? அவர்கள் அடுப்பும் விளக்கும் மூட்டும் நேரமே உச்ச நேரம். ஒத்திவைக்கக்கூடிய சுமையும் ஒத்திவைக்க முடியாத சுமையும் வீட்டுக்கு வீடு வேறுபடும். இவ்வேறுபாட்டைக் காணாத கட்டணம், கணக்கில் சரியாயிருந்தும் வாழ்வில் பிழையாகிவிடும். முன்பு சுரங்கத்தில் கேட்ட கேள்வியையே இங்கும் கேட்க வேண்டும். இது நின்றால் யாருக்கு என்ன ஆகும்?

தங்கவயல் சுரங்கங்கள் 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசின் உடைமையாயின. 1962ஆம் ஆண்டில் மத்திய அரசிடம் வந்தன. 1972ஆம் ஆண்டில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் ஏற்பட்டது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. ஏறத்தாழ 99 ஆண்டுகள் நீண்ட ஒரு சுமைக்கோடு அன்றோடு அறுந்தது. பெங்களூரின் மாலைக் குன்றோ ஆண்டுக்காண்டு உயர்ந்துகொண்டே போகிறது.

அக்குன்றின் அடியில் இன்றும் தங்கவயலார் நிற்கின்றனர். மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் ஏறி, பெங்களூரின் கட்டடங்களிலும் கடைகளிலும் ஆலைகளிலும் வேலைபார்த்து, இரவில் வீடு திரும்புவோர் பல்லாயிரவர். பாட்டனாருக்குச் சங்கு ஊதியது. பேரனுக்கு ரயில் ஊதுகிறது. ஒருநாளின் சுமைக்கோட்டை வரைந்து அதை நேராக்க முற்படும் அறிஞர் பெருமக்கள், கோட்டின் ஒவ்வொரு வளைவின் கீழும் இப்படி ஒரு மனிதர் விழித்திருக்கிறார் என்பதை நினைவில் வைப்பாராக. அவர்களுடைய கணக்கு அதனால் சற்றே கடினமாகும். ஆனால் அப்போதுதான் அது நிறைவான கணக்காகும்.